தென்காசி: தலைமையும் தலைக்கணக்கும்

தென்காசியின் ஜனத்தொகை எவ்வளவு என்று நம்மூர்க்காரர் ஒருவரைக் கேட்டால், "ஒரு லட்சம் இருக்கும்" என்பார். பஸ் ஸ்டாண்டில் சாயங்காலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவரைக் கேட்டால் இரண்டு லட்சம் என்பார். சர்க்கார் கணக்கு 70,545. அது 2011 மார்ச் 1ஆம் தேதி பிறந்த நள்ளிரவு நிலவரம். அன்று பிறந்த குழந்தைக்கு இப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் வயது. ஆனாலும் அந்த எண் இன்னும் மாறவில்லை. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. தள்ளிப்போய், தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதுவரை நமக்கு எண் 70,545தான்.

இந்த எண்ணைப் பற்றியும், இதை வைத்துக்கொண்டு ஓர் ஊருக்கு என்ன பட்டம் கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதைப் பற்றியும் எழுதலாம் என்று நெடுநாளாக எண்ணம். ஆபீஸில் ஆயுள் முழுவதும் எண்களை ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொரு பதிவேட்டுக்கு மாற்றி எழுதியவனுக்கு இதில் ஒரு ருசி உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் மாவட்டத்தின் பெரிய ஊர் எது என்று பார்ப்போம். தென்காசி அல்ல. 2011 கணக்குப்படி கடையநல்லூர் 90,364. அடுத்துத்தான் தென்காசி. அதற்குப் பின்னால் புளியங்குடி 66,033, சங்கரன்கோவில் 57,277. செங்கோட்டை 26,823. அதற்கு முந்தைய 2001 கணக்கிலும் கடையநல்லூர்தான் முன்னால் நின்றது. அப்போது அது 75 ஆயிரம் சொச்சம், தென்காசி 63 ஆயிரம் சொச்சம்.

2019இல் மாவட்டம் அறிவித்தபோது என்னோடு வேலை பார்த்த கடையநல்லூர் நண்பர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எங்க ஊர்ல இருவதாயிரம் தலை கூட இருக்கு. நெசவு இருக்கு, வெளிநாட்டுப் பணம் வருது. கலெக்டர் ஆபீஸ் மட்டும் உங்க ஊருக்காக்கும்?" என்றார். பாதி விளையாட்டு, பாதி வருத்தம். நான் அவருக்குச் சொன்ன பதில் என் பள்ளிக்கூட நாளிலிருந்து வந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பூகோளம் என்றால் பிரான்சின் மாவட்டங்களை மனப்பாடம் செய்வதுதான். கடற்கரையில் மீன் வலை காய்ந்துகொண்டிருக்கும், வகுப்பில் நாங்கள் வரிசையாக நின்று, பார்த்தேயிராத ஓர் ஊரின் தலைநகரை ஒப்பிப்போம். 'மார்ன்' மாவட்டம், தலைநகர் ஷாலோன். 'ஃபினிஸ்தேர்' மாவட்டம், தலைநகர் கெம்பேர். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். மார்ன் மாவட்டத்தில் ரான்ஸ் என்ற பெரிய நகரம் இருக்கிறது. பிரெஞ்சு ராஜாக்கள் முடிசூடிக்கொண்ட பேராலயம் அங்கேதான். இன்றைக்கும் ரான்ஸில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர், ஷாலோனில் சுமார் நாற்பத்தைந்தாயிரம் பேர். அப்படியிருக்க ஷாலோன் எப்படித் தலைநகர்? ஃபினிஸ்தேரிலும் துறைமுகப் பட்டணமான பிரெஸ்ட் பெரியது, தலைநகர் கெம்பேர் சிறியது.

வாத்தியார் சொன்ன விளக்கம் இன்னும் நினைவிருக்கிறது. 1790இல் புரட்சிக்காரர்கள் பழைய ராஜ்ஜியப் பிரிவுகளைக் கலைத்து நாட்டை 83 மாவட்டங்களாக வெட்டியபோது, எந்த மூலையிலிருக்கும் குடியானவனும் குதிரையில் புறப்பட்டால் ஒரே நாளில் தலைநகரை எட்ட வேண்டும் என்று பார்த்தார்களாம். ஆகவே பெரிய ஊரைத் தேடவில்லை, நடுவிலிருக்கும் ஊரைத் தேடினார்கள். பத்து வருடம் கழித்து நெப்போலியன் ஒவ்வொரு தலைநகரிலும் ஒரு பிரெஃபேயை உட்கார வைத்தார். நம் கலெக்டருக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் நண்பர், "குதிரையெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி, பஸ் கணக்கு சொல்லுங்க" என்றார். பஸ் கணக்கைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

2019க்கு முன்னால் திருநெல்வேலி மாவட்டத்தின் ஜனத்தொகை 30 லட்சத்துக்கு மேல். 1986இல் தூத்துக்குடி பிரிந்த பிறகும் இவ்வளவு. தென்காசியிலிருந்து நெல்லை கலெக்டர் ஆபீஸுக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். செங்கோட்டைக்காரருக்கு அறுபது. சிவகிரிக்காரருக்கு எண்பது அளவுக்கு. திங்கட்கிழமை மனு நாளில் வாசுதேவநல்லூருக்கு அந்தப்பக்கத்து ஒரு கிழவி மஞ்சப்பையில் மனுவைச் சுருட்டி வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டுமென்றால், கோழி கூவுமுன் எழுந்தாக வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே போனால், "இதுக்கு வி.ஏ.ஓ. கையெழுத்து வேணும், வாங்கிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடலாம். அந்த ஒரு வரியின் விலை அவளுக்கு இரண்டு நாள் கூலியும் பஸ் காசும். இப்படித் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாவட்டம் பிரிப்பதை அரசியல் என்று சொல்பவர்கள் அந்த மஞ்சப்பையைப் பார்த்ததில்லை.

சட்டசபையில் 110ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தென்காசி மாவட்டத்தை அறிவித்தது 2019 ஜூலை 18. தொடக்க விழா நடந்தது நவம்பர் 22. தமிழ்நாட்டின் 33ஆவது மாவட்டம். அதே மாதம் கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று வரிசையாக வந்தன. ஐந்தில் முதலில் விளக்கேற்றியது நாம்தான். அடுத்த வருடம் மயிலாடுதுறையும் சேர்ந்து கணக்கு 38 ஆயிற்று. நமக்கு வந்தவை எட்டு தாலுகா: தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில், திருவேங்கடம், ஆலங்குளம். ஜனத்தொகை 14 லட்சம் சொச்சம்.

இந்த எட்டில் எல்லோருக்கும் லாபம் என்று சொன்னால் பொய். சங்கரன்கோவில்காரருக்கு நெல்லையும் தென்காசியும் ஏறக்குறைய ஒன்றுதான். தனக்கே தலைநகர் வேண்டும் என்று அந்த ஊர் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு புதிய வருவாய்க் கோட்டம் வைத்தார்கள். திருவேங்கடம் பக்கத்து மக்களுக்கோ கோவில்பட்டி கூப்பிடு தூரம், ஆனால் கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டம். அவர்களுக்குத் தென்காசி என்பது இன்றும் ஒரு பிரயாணம். எம்.பி. தொகுதிக் கணக்கைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. தென்காசி மக்களவைத் தொகுதியில் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. நம் மாவட்டத்து ஆலங்குளம் இல்லை, அது திருநெல்வேலித் தொகுதியில் ஓட்டுப் போடுகிறது.

மேற்கத்திய மலையடிவாரத்து மக்களுக்கு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத லாபம். அவர்களுக்கு எல்லா வழியும் தென்காசியில் வந்து கூடுகிறது. இது 2019இல் நடந்ததல்ல. நெல்லையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போன ரயில் பாதை 1904இல் முழுமையானது. 1927இல் விருதுநகர் பாதை வந்து சேர்ந்ததும் தென்காசி ஜங்ஷன் ஆயிற்று. மதுரைச் சாலை, நெல்லைச் சாலை, கொல்லம் சாலை மூன்றும் இங்கே சந்திக்கின்றன. தாசில்தார் இருந்தார், கோர்ட் இருந்தது, பிறகு ஆர்.டி.ஓ. வந்தார். மாவட்டம் பிரியுமுன் நெல்லையின் மூன்று கோட்டங்களில் ஒன்று தென்காசி. கோர்ட்டுக்கு வந்தவன் சாப்பிட ஹோட்டல், ஹோட்டலுக்குக் காய்கறி, வக்கீலுக்கு வீடு, குமாஸ்தாவுக்கு வாடகை வீடு என்று ஊர் வளர்ந்தது. கடையநல்லூர் உழைத்து வளர்ந்த ஊர். தென்காசி, மற்றவர்கள் வந்து போனதால் வளர்ந்த ஊர். தலைநகருக்கு இரண்டாவது வகைதான் தோது. நண்பருக்கு இதைச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை.

தலைநகர்ப் பதவி தென்காசிக்குப் புதிதும் அல்ல. மதுரை கையை விட்டுப் போன பிறகு பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி ஆண்டது இந்த ஊரை வைத்துத்தான். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டி, இதைப் பின்னால் காப்பவர்கள் காலில் விழுவதாகக் கல்வெட்டில் பொறித்துவைத்தான். ராஜா ஒருவன் வருங்காலத்து ஊர்க்காரன் காலில் விழுகிறான்! விழுந்தும் ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் கிடந்தது. சிவந்தி ஆதித்தனார் முயற்சியில் ஒன்பது நிலையோடு 180 அடி உயரத்துக்கு எழும்பிக் குடமுழுக்கு நடந்தது 1990இல். பாண்டியர் போன பிறகு தலைநகர், தாலுகா ஊர் ஆனது. மறுபடி ஒரு தலைநகராக ஆவதற்கு நூற்றாண்டுகள் பிடித்தன. வெற்றி வேற்கை எழுதிய அதிவீரராம பாண்டியன் தென்காசிப் பாண்டியன்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். பாட்டை மட்டும் ஒப்பிக்க வைத்து ஊரை விட்டுவிடுகிறார்கள்.

செங்கோட்டையின் கதை வேறு. அங்கே ஜனத்தொகை மாறாமலே, வீடு நகராமலே, ஒரே ராத்திரியில் ராஜ்யம் மாறியது. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சி. ஊருக்குள் நுழையும் சாலையில் நிற்கும் பழைய திருவிதாங்கூர் வளைவு அதற்குச் சாட்சி. மறுசீரமைப்பில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை மட்டும் மலைக்கு இந்தப்பக்கம் இருந்ததால் திருநெல்வேலியோடு சேர்ந்தது. நகராட்சி என்ற பட்டம் அதற்குத் திருவிதாங்கூர் காலத்திலேயே உண்டு. தமிழ்நாட்டுச் சட்டப்படி நகராட்சிக்குப் பொதுவாக 30,000 தலை வேண்டும். 26,823 பேர் இருக்கும் செங்கோட்டை இன்றும் நகராட்சிதான். பழைய மரியாதையை யாரும் பிடுங்கவில்லை. நல்லது.

இனி குற்றாலம். எனக்குப் பிடித்த கணக்கு இதுதான்.

பேரூராட்சி என்றால் 5,000 பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. குற்றாலத்தில் குடியிருப்போர் 2001லும் சரி, 2011லும் சரி, மூவாயிரத்தை எட்டவில்லை. ஒரு நடுத்தரக் கிராமத்தைவிடக் குறைவு. ஆனால் அது சாதாரணப் பேரூராட்சிகூட அல்ல, சிறப்பு நிலைப் பேரூராட்சி. ஏனென்றால் இந்த நிலையெல்லாம் தலையை எண்ணித் தருவதில்லை, வருமானத்தை எண்ணித் தருவது. சீசன் கடை ஏலம், வாகன நிறுத்தம், தங்கும் விடுதிகள் என்று சாரல் விழுந்தால் காசும் விழும் ஊர் அது. முன்னாலும் இதைக் கிராமம் என்று வைத்து ஆள முடியாது என்று கண்டு, 1954இல் குற்றாலத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டு டவுன்ஷிப் ஆக்கினார்கள். மேட்டூருக்கு அணைக்காக, பவானிசாகருக்கு அணைக்காக அப்படிச் சட்டம் வந்தது. நமக்கு அருவிக்காக.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எந்த மாதம் நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பிப்ரவரி. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணினார்கள். 28ஆம் தேதி ராத்திரி, வீடில்லாமல் சாலையோரம் தூங்குபவர்களை எண்ணினார்கள். பிப்ரவரியில் ஐந்தருவியில் என்ன இருக்கும்? பாறை இருக்கும், குரங்கு இருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அதே இடத்தில் நிற்க இடமிருக்காது. சீசனில் எண்ணினாலும் வந்து குளிப்பவர்களைக் குற்றாலத்துக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்; அவரவரை அவரவர் ஊரில்தான் எண்ணுவார்கள். ஆகவே பதிவேட்டில் குற்றாலம் எப்போதும் சில தெருக்களும் மூவாயிரத்துக்குக் குறைந்த ஆட்களுமுள்ள ஊர். குப்பை அள்ளுகிறவர்களும், கழிப்பறை கழுவுகிறவர்களும், அருவிக்கரையில் விசில் ஊதிக்கொண்டு நிற்கும் போலீஸ்காரர்களும் பார்ப்பது வேறு ஒரு குற்றாலத்தை.

இதே கோளாறு தென்காசிக்கு வேறு விதத்தில் உண்டு. 2001இலிருந்து 2011க்குள் கடையநல்லூர் சுமார் பதினைந்தாயிரம் ஏறியது, தென்காசி ஏழாயிரம்தான் ஏறியது. தென்காசி வளரவில்லை என்றா அர்த்தம்? குத்துக்கல்வலசை பக்கம் போய்ப் பாருங்கள். மேலகரம், இலஞ்சி பக்கம் போய்ப் பாருங்கள். நம் காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த இடமெல்லாம் நகர், காலனி, அவென்யூ. அங்கே வீடு கட்டியவர் யார் கேட்டாலும் தென்காசி என்றுதான் சொல்வார். பிள்ளை படிப்பது தென்காசியில், டாக்டர் தென்காசியில், ரேஷன் கார்டும் வீட்டுத் தீர்வையும் மட்டும் பேரூராட்சியில் அல்லது ஊராட்சியில். நகராட்சி எல்லைக்கோடு நின்ற இடத்தில் நிற்கிறது, ஊர் அதைத் தாண்டிப் போய்விட்டது. திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரம் அன்று தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் தனி ஊர். இன்று எந்த இடத்தில் தென்காசி முடிந்து மேலகரம் ஆரம்பிக்கிறது என்று போர்டு பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நகராட்சியாக, ஏன் மாநகராட்சியாகவே ஆக்கிவிடலாமே என்று வாக்கிங் வரும் நண்பர்கள் சொல்வார்கள். 2024இல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி நான்கும் மாநகராட்சி ஆயின, நமக்கு மட்டும் என்ன குறை என்று கேட்கிறார்கள். இதில் காரைக்குடியைக் கவனியுங்கள். அது மாவட்டத் தலைநகர் அல்ல. தலைநகரான சிவகங்கையில் 2011இல் நாற்பதாயிரம் சொச்சம்தான். காரைக்குடியில் லட்சத்துக்கு மேல். கலெக்டர் ஓர் ஊரில், மேயர் இன்னோர் ஊரில். ரான்ஸும் ஷாலோனும் செட்டிநாட்டில்! என் கடையநல்லூர் நண்பர் இதைப் படித்தால் உடனே போன் போடுவார்.

மாநகராட்சி ஆவதில் பெருமை உண்டு, நிதி உண்டு. ஆனால் பக்கத்து ஊராட்சிக்காரரிடம் கேட்டால் அவர் கணக்கு வேறு. நகராட்சியில் சேர்ந்த மறுநாளே நூறு நாள் வேலை போய்விடும். வீட்டு வரி ஏறும், பாதாளச் சாக்கடை என்று ஒரு கட்டணம் வரும், சாக்கடை வருமோ வராதோ. வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற ஒரு பெண்ணுக்குத் தன் தெரு 'மாநகரம்' ஆவதில் என்ன லாபம் என்று நாம் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. புது காலனிக்காரருக்கு நகராட்சித் தண்ணீர் வேண்டும். பழைய ஊர்க்காரருக்கு ஊராட்சியின் சின்ன வரி வேண்டும். இரண்டு பேரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சிக்கலையே வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பட்டணம் என்றாலும் நகரம் என்றாலும் 'வில்' என்ற ஒரே சொல்தான். இங்கிலீஷ்காரனைப் போல டவுனா சிட்டியா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள மாட்டார்கள். பத்துப் பதினைந்து வீடுள்ள ஊரும் 'கொம்யூன்', பாரீசும் 'கொம்யூன்'. இரண்டுக்கும் ஒரு மேயர் உண்டு. புதுச்சேரியில் 1880இல் போட்ட அந்த ஏற்பாட்டின் பெயர்தான் இன்றும் அங்கே கொம்யூன் பஞ்சாயத்து என்று வழங்குகிறது. ஒன்பது சதுர கிலோமீட்டர் மாஹேக்குத் தனி நிர்வாகி, தனி நகராட்சி என்று வைத்திருப்பதைப் பார்த்தால், அந்தப் பழக்கம் அவர்கள் போன பிறகும் போகவில்லை என்று தெரியும். இதனால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். பிரான்சில் முப்பத்தைந்தாயிரம் கொம்யூன் வைத்துக்கொண்டு, பலவற்றில் ரோடு போட நாதியில்லாமல் பத்து ஊர் சேர்ந்து சங்கம் வைத்துக்கொள்கிறார்கள். தென்காசி, மேலகரம், இலஞ்சி, குற்றாலம் நான்கும் குப்பைக்கும் தண்ணீருக்கும் மட்டுமாவது அப்படி ஒரு சங்கம் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எதுவானாலும் முதலில் எண் வேண்டும். ஊருக்கு வரும் பணத்தை ஜனத்தொகையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், அந்த ஜனத்தொகை 2011இல் நிற்கிறது. 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் வீட்டுக் கணக்கு எடுக்கிறார்கள்: சுவர் என்ன, கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து என்று கேட்பார்கள். ஆட்கணக்கு 2027 பிப்ரவரியில். இந்த முறை கணக்கெடுப்பவர் கையில் நோட்டு இருக்காது, போன் இருக்கும். அவர் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட டீச்சராக இருப்பார், வெயிலில் வந்திருப்பார், தண்ணீர் கொடுங்கள்.

நம் வயதுக்காரர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். டீச்சர் வந்து "வீட்ல எத்தன பேரு?" என்று கேட்டதும், சென்னையில் இருக்கும் மூத்தவன், கோயம்புத்தூரில் இருக்கும் மகள், துபாயில் இருக்கும் இளையவன், பேரன் பேத்தி எல்லோரையும் சேர்த்துப் பதினொன்று என்று சொல்லிவிடத் தோன்றும். ரேஷன் கார்டில் இருக்கிறார்களே என்போம். அப்படிச் சொன்னால் அவர்கள் இரண்டு இடத்தில் எண்ணப்படுவார்கள், துபாய்க்காரன் இல்லாத இடத்தில் எண்ணப்படுவான். வழக்கமாக யார் இங்கே இருக்கிறார்களோ அவர்களைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.